சிவப்புத் துணி கட்டாத புட்டி

எண்பத்தைந்தில் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிபோனோம். பால் காய்ச்சிய அன்று சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து அவர் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, விரல் நுனிகளில் மஞ்சள் கறை. குங்குமம் எடுத்துக்கொண்டார். நான் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்க வீட்ல செத்த பேட்டரி எத்தனை இருக்கும்மா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டார்ச்சுக்குக் கடன் கேட்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். என் மாமியார் அப்போதுதான் டிரான்சிஸ்டரிலிருந்து கழற்றிய நான்கு பேட்டரிகளை ஜன்னல் விளிம்பில் காயவைத்திருந்தார். வெயில் பட்டால் இன்னும் இரண்டு நாள் பாடும் என்பது அவர் நம்பிக்கை. அவற்றில் ஒன்று ஒழுகி, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து போய் அதை ஒரு காகிதத்தால் எடுத்து மடித்தார்.

"குழந்தைங்க உடைச்சு உள்ளார இருக்கற கரிக்குச்சிய எடுத்து ரோட்ல எழுதும். தூக்கி எறியாதீங்க. எங்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் பொங்கலும் ஒரு கையில் செத்த பேட்டரியுமாகத் தெருவைக் கடந்து போனார். "இது ஒரு மாதிரி" என்றார் மாமியார். தெருவில் மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள் என்பது போகப் போகத் தெரிந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. நேரில் எல்லோரும் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் ஆசிட் அக்கா. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் அட்டெண்டராக இருந்தார். பிள்ளைகள் கரைத்து, கலந்து, கொட்டி, உடைத்துவிட்டுப் போனதையெல்லாம் அள்ளிக் கழுவி வைப்பதுதான் வேலை. கல்யாணம் ஆகவில்லையா, ஆகி இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கேட்கிற தைரியம் என் மாமியாருக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதரின் தலைக்குள் எந்நேரமும் ஒரே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொருள் வீட்டை விட்டு வெளியே போனபிறகு யார் கைக்குப் போகும்? நமக்கெல்லாம் குப்பைத்தொட்டி என்பது ஒரு முடிவு. தொட்டியில் விழுந்த சத்தத்தோடு அந்தப் பொருள் உலகத்தை விட்டே போய்விட்டது. அவருக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்கும்.

என் கணவர் சவரம் செய்த பிளேடைக் காகிதத்தில் சுற்றி எறிவார். நாகரிகமாகத்தான் செய்கிறோம் என்று எங்களுக்கு எண்ணம். ஒரு நாள் அக்கா, மூடியில் கீறல் போட்ட காலிப் பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் கணவரிடமே கொடுத்தார். "சார், காகிதம் மழையில நனைஞ்சா பிரிஞ்சுடும். இதுல போடுங்க. ரொம்பினா நான் எடுத்துக்கறேன்" என்றார். ஆண்பிள்ளையின் சவரப் பெட்டிக்குள் எதிர்வீட்டுப் பெண் தலையை நுழைப்பதாவது என்று என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் டப்பாவில் டக்கென்று பிளேடு விழும் சத்தம் கேட்டது.

எலித் தொல்லைக்கு மசால்வடையில் மருந்து தடவி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதைக் கேள்விப்பட்டு வந்தவர் மாமியாரிடம், "எத்தனை துண்டு வெச்சீங்க?" என்றார். மாமியார் ஆறு என்றார். மறுநாள் விடிந்ததும் வாசலில் நின்று, "எத்தனை துண்டு கெடைச்சுது?" என்றார். நான்கு கிடைத்தன. ஒன்றைத் தின்ற எலி மாடிப்படிக்கடியில் செத்துக் கிடந்தது. மிச்சம் ஒரு துண்டு எங்கே? அன்று அவர் வேலைக்கே போகவில்லை. எங்கள் வீட்டு அரிசி டின்னை நகர்த்தி, விறகைக் கலைத்து, கடைசியில் முருங்கைமரத்தடியில் எறும்பு மொய்த்த அந்த அரைவடையைக் கண்டுபிடித்த பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாமியார் கோபத்தில் எலியோடு வாழ்ந்துவிட்டுப் போகிறேன் என்று அன்றோடு மருந்து வைப்பதை விட்டார்.

எனக்கு அவரைப் பிடிக்குமா என்றால், அப்போது பிடிக்காது. ஒருவர் நம் வீட்டுக் குளியலறை அலமாரியைப் பார்த்து நம்மை எடைபோடுகிறார் என்றால் எப்படிப் பிடிக்கும்? ஆனால் என் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்ட சமயம் தெர்மாமீட்டர் கை தவறி உடைந்தது. பாதரசம் குண்டு குண்டாகத் தரையெல்லாம் ஓடியது. குழந்தை காய்ச்சலையும் மறந்து அதை விரலால் துரத்திச் சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அக்கா குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்து வெளியே அனுப்பினார். ஜன்னல்களைத் திறந்தார். இரண்டு போஸ்ட்கார்டை வைத்துக்கொண்டு, மண்டி போட்டு, கடுகளவு குண்டைக்கூட விடாமல் ஒன்றாகச் சேர்த்து, தண்ணீர் ஊற்றிய மைப்புட்டிக்குள் இறக்கினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எழுந்தபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றுதான் அவரிடம் கேட்டேன், ஏன் அக்கா இப்படி இருக்கிறீர்கள், உங்களுக்கு ஏதாவது நடந்ததா என்று.

"எனக்கு ஏதாவது நடந்திருந்தாத்தான் இதைச் செய்யணுமா?" என்றார்.

ஒரு முறை விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பள்ளிக்கரணைக்குப் போய்வந்தார். உறவு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, "குப்பை லாரி எங்க போய்க் கொட்டுதுன்னு பாக்கப் போனேன்" என்றார். திரும்பி வந்து இரண்டு நாள் ஆயிற்று. பிறகு, வாசலில் நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். "அங்கயும் கைங்கதான் இருக்கும்மா. எத்தனை தூரம் கொண்டுபோய்க் கொட்டினாலும் அங்க ஒருத்தர் குனிஞ்சு பொறுக்கிகிட்டு இருக்காங்க."

எங்கள் தெருவில் அப்படிக் குனிந்தவள் கன்னியம்மா. ஏரிக்கரைக் குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். தோளில் கோணிப்பையும் இடுப்பில் பெண் குழந்தையுமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள். அவள் தொட்டிக்குள் கையை விடுவதை அக்காவால் பார்க்க முடியவில்லை. எட்டு வீட்டுக்காரர்களையும் விரட்டி ஒரு ஏற்பாடு செய்தார். காலிப் புட்டி, தகரம், பழைய செருப்பு எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை காலையில் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட வேண்டும். கன்னியம்மா எடுத்துக்கொள்வாள், தொட்டியைத் தொடமாட்டாள்.

ஆபத்தான சாமானுக்கு என்ன அடையாளம்? லேபில் புட்டிக்குப் புட்டி லேபிள் ஒட்டியிருக்கும். "படிச்சவங்களுக்கு லேபிள். கன்னியம்மா படிக்கலையே" என்று தன் பழைய சிவப்புப் பாவாடை ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்தார். ஆசிட், பூச்சிமருந்து, தின்னர் எதுவானாலும் கழுத்தில் ஒரு சிவப்பு நாடா. அது கட்டியதை யாரும் வெளியே வைக்கக் கூடாது, தவறி வைத்தாலும் கன்னியம்மா தொடக் கூடாது. மிச்சமானதை அக்காவே எடுத்துப்போய், ஆசிட் என்றால் பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சமையல் சோடா போட்டு, நுரை அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். கன்னியம்மா இந்தச் சட்டத்தை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். "செவப்பு கட்னது யக்காவோடது, கட்டாதது என்தது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. குளியலறைத் தரை மூன்று மாதத்தில் பழுப்பேறிவிடும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால்தான் போகும். சனிக்கிழமைகளில் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு, "ஆசிட்டே, பினாயிலே" என்று கூவி ஒருவர் வருவார். அவரிடம் புட்டி கிடையாது. நாம் எந்தப் புட்டியை நீட்டுகிறோமோ அதில் ஊற்றுவார். எங்கள் வீட்டில் நீட்டியது ஆரஞ்சு ஸ்குவாஷ் புட்டி. அவர் வந்துபோன சாயங்காலம் அக்கா வீடு வீடாக நாடாவோடு வருவார்.

இனி எழுதப்போவதை நான் பல வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

எண்பத்தேழு மாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. சனிக்கிழமை ஆசிட் வாங்கித் தரையைத் தேய்த்தேன். கால் புட்டி மிச்சம். சாயங்காலம் அக்கா வந்தார். கல்லூரியில் பிராக்டிகல் பரீட்சை நேரம், காலையிலிருந்து நின்ற களைப்பு. நேராகக் குளியலறைக்குப் போய், லைட்டைக்கூடப் போடாமல், புட்டியில் நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சிவப்பு நாடா என் கண்ணை உறுத்தியது. மாப்பிள்ளையின் அம்மா கைகால் கழுவ வருவார். பார்த்தால் என்ன நினைப்பார்? தோஷத்துக்கு எங்கேயோ மந்திரித்து வாங்கி வந்து கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். மாமியார் அவிழ்க்கச் சொன்னார் என்று எழுதினால் என் பாரம் கொஞ்சம் குறையும். அவர் சொல்லவில்லை. நானேதான் அவிழ்த்தேன். நாடாவை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, புட்டியைக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வந்தவர்களுக்கு ஆரஞ்சு ஸ்குவாஷ் கலந்து கொடுத்தோம். இரண்டு புட்டி காலி. அவையும் கழுவுவதற்காகக் கொல்லைக்குப் போயின. பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அப்போதே சொல்லிவிட்டுப் போனார்கள். வீடே மிதந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று புட்டிகளையும் எடுத்துச் சுவர்மேல் வைத்தேன். ஒன்று மட்டும் கொஞ்சம் கனத்தது. அடியில் மஞ்சளாக மிச்சம் இருந்தது. ஸ்குவாஷ் மிச்சம்தான் என்று எடுத்துக்கொண்டேன், மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கன்னியம்மாவின் குழந்தை குடிக்கட்டுமே என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அன்று காலையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்றும் நினைத்துக்கொண்டேன்.

கன்னியம்மா எட்டு வீட்டுப் புட்டிகளையும் கோணியில் போட்டுக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தாள். ஜூஸ் என்று குழந்தை கையை நீட்டியிருக்கிறது. முதலில் தான் ருசி பார்த்துக் கொடுக்கலாம் என்று மூடியைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறாள். இறுகியிருந்த மூடி தெறித்து வலது கண்ணிலும் கன்னத்திலும் கொட்டியது.

அலறல் கேட்டு முதலில் ஓடியது அக்காதான். கல்லூரிக்குக் கிளம்பிக் கையில் சாப்பாட்டுப் பையோடு இருந்தார். அதை வீசிவிட்டு, கன்னியம்மாவின் தலையை அடிபம்பின் வாய்க்குக் கீழே பிடித்தார். "அடி, பம்பை அடி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அடித்தேன். யாரோ ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். "இன்னும் தண்ணி ஊத்தணும், நிறுத்தாதே" என்று அக்கா விடவில்லை. பக்கத்தில் உடைந்து கிடந்த புட்டியைப் பார்த்துக்கொண்டே பம்பை அடித்தேன். என் கை அடித்துக்கொண்டே இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

தண்ணீருக்கு நடுவில் கன்னியம்மா சொன்னாள். "செவப்பு துணி இல்லியேக்கா. துணி இல்லன்னுதான் தொறந்தேன். நான் பாத்துட்டுதான் தொறந்தேங்கா."

அக்காவின் முகத்தை அப்போது பார்த்தேன். அதற்கு முன்போ பின்போ ஒரு முகம் அப்படிச் சாம்பலானதை நான் பார்த்ததில்லை.

வலது கண் போய்விட்டது. இடது கண் பிழைத்ததே ஊற்றிய தண்ணீரால்தான் என்று டாக்டர் சொன்னாராம். ஒரு வருஷத்துக்கு மேல், வாரம் தவறாமல் அக்காதான் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏற்றி அவளை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவார்.

எந்த வீட்டுப் புட்டி என்று யாரும் துருவவில்லை. எட்டுச் சுவரிலிருந்து எடுத்தது, கன்னியம்மாவுக்கே தெரியாது. எங்கள் தெருவில் ஸ்குவாஷ் புட்டி இல்லாத வீடும் இல்லை. நாத்தனார் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போலீஸ் அது இது என்று வந்தால் இதுவும் தட்டிப்போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி முன்னால் வந்து நின்றுகொண்டது. ஒரு நாள் தாமதித்தால் சொல்லிவிடலாம். ஒரு வருஷம் தாமதித்ததை எப்படிச் சொல்வது?

விபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா வீடு வீடாக வந்தார். சிவப்பு நாடாக்களையெல்லாம் தன் கையால் அவிழ்த்தார். "துணி இருந்தா ஆபத்துன்னு சொன்னேன். அப்ப துணி இல்லன்னா நல்லதுன்னு அவ எடுத்துகிட்டா. அது என் புத்திக்கு எட்டல" என்றார். இனிமேல் சுவர்மேல் எதையும் வைக்கக் கூடாது. கன்னியம்மா வரும்போது வாசலில் நின்று, இது என்ன என்று வாயால் சொல்லி, கையில் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்தப் பழக்கம் அப்படி வந்தது.

போகும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். "அந்த சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தேனா? கட்டினேனா?" எல்லோரும் வந்தீர்கள், கட்டினீர்கள் என்றார்கள். நானும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அவர் நம்பவில்லை. களைப்பில் ஏதோ ஒரு வீட்டை விட்டுவிட்டேன், என் மனசு நோகக் கூடாது என்று மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டார். யார் செய்தார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எந்த வீட்டை விட்டேன் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. கன்னியம்மாவுக்கு நான் புடவை கொடுத்தேன், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தேன், அவள் பெண்ணுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கிக் கொடுத்தேன். "இந்த தெருவுலயே நீதாம்மா தங்கமான மனசு" என்பாள். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். என் வீட்டு விஷத்தை அக்காவின் வாசலில் கொட்டிவிட்டு நல்லவள் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் அக்கா உடம்பு முடியாமல் வேலையை விட்டார். வேலூரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லி வீட்டை விற்றார். சாமான் ஏற்ற லாரி வந்த காலையில் உதவிக்குப் போனேன். பெரிய சாமான் என்று ஒன்றும் இல்லை. கடைசியில் கொல்லையறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார். பத்து வருஷத்துச் செத்த பேட்டரிகள், பிளேடு நிறைந்த பவுடர் டப்பாக்கள், தெர்மாமீட்டர் பாதரசம் இருந்த மைப்புட்டி எல்லாம் அதில் இருந்தன. எங்கள் வீட்டுடையது, எட்டு வீட்டுடையது.

"இதை எதுக்கு அக்கா வேலூர் வரைக்கும்?"

"வேற எங்க வைப்பேன்? இதை வாங்கிக்க ஊர்ல ஒரு இடம் இல்ல. புதுசா வர்றவங்க என்னன்னு தெரியாம தூக்கிப் போட்டுடுவாங்க."

லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னிடம் சொன்னார், "எல்லாத்தையும் எடுத்துகிட்டேன்மா. அந்த ஒரு புட்டிதான் எந்த வீட்டுதுன்னு தெரியாமலே போறேன். ராத்திரி படுத்தா ஒவ்வொரு வீடா மனசுக்குள்ள நடந்து பாப்பேன். ஒரு வீட்டுல வந்து இருட்டிடும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எங்க வீட்டுது அக்கா. நீங்க கட்டியிருந்தீங்க. நான்தான் அவுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்த்தது, வெந்நீர் அடுப்பு, கனத்த புட்டி, குழந்தை குடிக்கட்டும் என்று நினைத்தது வரைக்கும். திட்டுவார், எழுந்து அறைவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் கட்டியிருந்தேனா?" என்றார்.

"கட்டியிருந்தீங்க."

"லைட்டு போடாம கட்டினேனே, அந்த வீடா?"

"ஆமாம் அக்கா."

"கட்டியிருந்தேன்" என்றார் மறுபடியும், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. மஞ்சள் கறை படிந்த விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டார். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கவில்லை. எட்டு வருஷத்தில் எந்த ஒரு நாளும், தெருவைக் கடந்து வந்து நான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை அது.

பிறகு எழுந்தார். "கன்னியம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"இதையும் செவுத்து மேல வெச்சுட்டுப் போகப் பாக்கறியா? வா, கையில குடு."

லாரியை நிற்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஏரிக்கரை வரைக்கும் பின்னாலேயே போனேன். கன்னியம்மா குடிசை வாசலில் தகரம் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "இன்னாக்கா, கெளம்பிட்டியா? நானே வந்துகினு இருந்தேன்" என்றாள். அக்கா ஒதுங்கி நின்று என்னை முன்னால் விட்டார். நான் சொன்னேன். அக்கா உதவிக்கு வரவில்லை, முழுவதையும் நானேதான் சொல்லி முடித்தேன்.

கன்னியம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அவளுடைய கண் அக்கா மேலேயே இருந்தது.

"அப்ப நீ கட்டித்தான் கீறே" என்றாள்.

"கட்டியிருந்தேனாம்" என்றார் அக்கா.

"எட்டு வருசமா என்னாண்ட மன்னிப்பு கேட்டுகினு கீறியேக்கா. ரயில்ல, ஆஸ்பத்திரில, எல்லாம். வாணாம்னு நான் எத்தினி தபா சொன்னேன்." அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில், அந்தக் கண் இல்லாத பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். என்னைப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

பிறகு கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். கோபம் எதுவும் தெரியவில்லை. "நீ குடுத்ததெல்லாம் பாசத்துல குடுத்தேன்னு நெனச்சிகினு இருந்தேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

லாரி கிளம்பும்போது அக்கா முன் இருக்கையில், தகரப் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி குலுங்கும்போது உள்ளே பேட்டரிகள் உருளும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்து வேலூரில் இறந்துபோனார் என்று தங்கையிடமிருந்து கார்டு வந்தது. அந்தப் பெட்டியை என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

கன்னியம்மா அதற்குப் பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். வீடு வீடாக நிற்பாள், இது என்ன என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கையில் வாங்கிக்கொள்வாள். நானும் புட்டிகளை நன்றாகக் கழுவி, உலர்த்தி, மூடியைத் தனியாக வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். அவள் என் கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.